ஒன்பதாம் தட்டில் ஒரு மிருகம்

கதை எழுதத் துணிந்தமைக்காக வாசகப் பெருமக்களிடம் முதற்கண் மன்னிப்புக் கோருகிறேன். இதற்கு முன்பு நான் எழுதியவை விடுப்பு விண்ணப்பங்களும், குடியிருப்போர் சங்கக் கூட்டங்களுக்கான நன்றியுரைகளும் மட்டுமே. எவருடைய மனத்தையும் புண்படுத்தும் நோக்கம் எனக்கு அறவே இல்லை. குறைகள் தென்படின் பொறுத்தருள வேண்டுகிறேன்.

"என்ன மிருகம்னு சொல்லுங்கோ. அப்பறம்தான் இது வாசலைத் தாண்டும்" என்றார் விஜயா.

அவருடைய கணவர் குருமூர்த்தி வங்காளத் தலைநகரின் லேக் கார்டன்ஸ் பகுதியில் மூன்றாம் மாடியில் இருந்த தமது வீட்டு வாசலுக்கு வெளியே, செருப்பு அலமாரியின் பக்கத்தில், ஒரு பெரிய தட்டின் முன்னால் குந்தியிருந்தார். தட்டில் சிவப்பு ரிப்பன் கட்டிய கண்ணாடிக் காகிதத்திற்குள், பழுப்பு நிறத்தில், முழங்கால் வரை நீளக்கூடிய ஒரு பழைய ரோமக் கோட்டு மடிந்து கிடந்தது.

இவர்களுடைய ஒரே மகள் சஹானாவுக்கும் பெஹாலாவைச் சேர்ந்த கௌசிக் சக்ரவர்த்திக்கும் நிச்சயம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வங்காள வழக்கப்படி குளிர்காலச் சீரை ஒன்பது தட்டுகளில் அலங்கரித்து அன்று காலை அனுப்பியிருந்தனர். ஆரஞ்சுப் பழங்கள், சால்வை, பட்டு, புது வெல்லத்தில் செய்த சந்தேஷ் இனிப்பு ஆகியவை எட்டுத் தட்டுகளில் இருந்தன. சீரில் மீன் இருந்தாக வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். பெண் வீட்டார் சைவம் என்பதைக் கருத்தில் கொண்டு, மீன் உருவத்தில் சந்தேஷ் செய்து, அதற்கு மூக்குத்தியும் போட்டு அனுப்பியிருந்தார்கள். அந்தப் பண்பைப் பாராட்டிக்கொண்டே விஜயா ஒன்பதாவது தட்டைத் திறந்திருந்தார்.

"மீன் கூடாதுன்னு அவ்வளவு யோசிச்சவா, முழு மிருகத்தையே அனுப்பியிருக்காளே!"

"கொஞ்சம் மெதுவாப் பேசு. தட்டு தூக்கிண்டு வந்தவா இன்னும் மாடிப்படி இறங்கலை."

"நான் தப்பா ஒண்ணும் சொல்லலையே. முயல்னா ஒரு தலைக்குக் குளிச்சா சரியாப் போயிடும். பூனைன்னா வீடு பூரா அலம்பணும். நாய்னா வாத்தியாரைக் கூப்பிட்டுப் புண்யாகவாசனம் பண்ணணும். எதுன்னு தெரிஞ்சாத்தானே அதுக்கு ஏத்த மாதிரி செய்ய முடியும்?"

"புலியா இருந்தா?"

"புலின்னா தோஷமே இல்லை. ரிஷிகளே அதுல உக்காந்து தபஸ் பண்ணியிருக்கா. உள்ள எடுத்துண்டு வாங்கோ."

"புலின்னா எனக்கு ஏழு வருஷம் வரைக்கும் ஜெயில்டி!"

விஜயா அவரை உற்றுப் பார்த்தார். "அப்போ எனக்கு ஆகற மிருகம் உங்களுக்கு ஆகாது. உங்களுக்கு ஆகற மிருகம் எனக்கு ஆகாது. நன்னா இருக்கு."

இங்கே குருமூர்த்தியின் நிலையைச் சற்று விளக்குவது என் கடமை. அவர் கிடர்பூர் துறைமுகத்தில் சுங்க மதிப்பீட்டு அதிகாரி. அடுத்த மாதம் முப்பத்தொன்றாம் தேதி ஓய்வு பெறவிருந்தார். முப்பத்து நான்கு ஆண்டுப் பணியில் அவரிடம் ஒரு விளக்கக் கடிதம்கூடக் கேட்கப்பட்டதில்லை. இந்நிலையில், பாதுகாக்கப்பட்ட விலங்கொன்றின் தோல் அவருடைய வீட்டிலேயே இருப்பதாக எவரேனும் ஒரு மொட்டைக் கடுதாசி போட்டால், மாலை மரியாதையோடு வெளியே வரவேண்டிய மனிதர் விசாரணைக் கமிட்டியின் முன்னால் போய் நிற்க நேரும்.

"கௌசிக்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடேன். சாதாரணமாக் கேக்கற மாதிரி" என்று மகளிடம் சொன்னார்.

"ஈஷ்! அப்பா, ப்ளீஸ்! பாசமாக் குடுத்த கோட்டைக் கஸ்டம்ஸ்காரன் செக் பண்றான்னு பெஹாலா பூரா பேசுவா. அவன் அம்மா அழுதுடுவா. நீயும் கேக்கப்படாது, நானும் கேக்கமாட்டேன்."

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி ஒலித்தது. பேசியவர் கௌசிக்கின் தாயார் சாதனா தேவி. அவர் வங்காளத்தில் பேசியதை எனக்கு இயன்ற தமிழில் தருகிறேன். 'தாதா' என்பது அண்ணன்.

"எல்லாம் வந்து சேந்துதா? தாதா, கோட்டைப் பாத்தீங்களா?"

"பாத்தேன், பாத்தேன். ரொம்பப் பிரமாதம்" என்றார் குருமூர்த்தி.

"ஒண்ணும் சொல்லலையே?"

"சொல்றதுக்கு என்ன இருக்கு? அபாரமான கோட்டு!"

"அப்பாடா! அடுத்த ஞாயித்துக்கிழமை நாங்க ஆசீர்வாதம் பண்ண வரப்போ, எங்க பொண்ணு அதைப் போட்டுண்டு நிக்கணும்."

ஆக ஒன்பது நாட்கள் இருந்தன.

குருமூர்த்தி மேற்கொண்ட முதல் சோதனை மிகவும் எளியது. ரோமத்தின்மீது ஊதினால் அது விலகி அடிமயிர் தெரியும் என்றும், அதன் அடர்த்தியையும் நிறத்தையும் கொண்டு விலங்கைச் சொல்லிவிடலாம் என்றும் இணையத்தில் ஒருவர் எழுதியிருந்தார். வாசலில் வெளிச்சம் போதவில்லை. ஆகவே விஜயா பால் வாங்கக் கீழே போயிருந்த சமயம் பார்த்து, கோட்டைச் சமையலறை ஜன்னலருகே கொண்டுபோய், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பலமாக ஊதினார்.

அது பழைய கோட்டு. ரோமம் விலகவில்லை, கிளம்பியது. பழுப்பு மேகம் ஒன்று ஜன்னல் வெளிச்சத்தில் மெல்ல எழும்பி, மேடையில் மூடாமல் இருந்த இட்லி மாவின்மீது நிதானமாக இறங்கியது.

திரும்பி வந்த விஜயா பாத்திரத்தைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார்.

"எந்த மிருகம்னு தெரிஞ்சுதா?"

"அடிமயிர் கொஞ்சம் சாம்பல் நிறமா இருக்கு."

"அதை மாவுலயே பாத்துட்டேன்."

இரண்டு நாட்களுக்கு அந்த வீட்டில் உப்புமா செய்யப்பட்டது. ஏற்கெனவே வாசலைத் தாண்டிவிட்ட கோட்டு பால்கனிக்கு மாற்றப்பட்டது.

இரண்டாவது சோதனை நெருப்பு. ஒரே ஒரு மயிரைக் கொளுத்த வேண்டும். பிளாஸ்டிக்காக இருந்தால் உருகி மணியாகத் திரளும். போலி ரோமம் என்று தெரிந்துவிட்டால் சட்டத்திற்கும் சாஸ்திரத்திற்கும் ஒரே நேரத்தில் விடை கிடைத்துவிடும். இதில் குருமூர்த்திக்கு மிகுந்த நம்பிக்கை இருந்தது. பால்கனியில் கோட்டின் இடது கையின் ஓரத்திலிருந்து ஒரு மயிரை மட்டும் விரலால் பிரித்துப் பிடித்துக்கொண்டு, ஊதுவத்தி முனையை அருகே கொண்டு சென்றார். ஒரு மயிருக்கும் அதற்கு அடுத்த மயிருக்கும் இடையே எல்லைக்கோடு எதுவும் இல்லை என்பதை அப்போதுதான் அறிந்தார்.

வாளித் தண்ணீரால் அணைத்தார்கள். எட்டணா அளவில் ஒரு பொத்தலும், படிக்கட்டு முழுவதும் ஒரு வாசனையும் மிஞ்சின.

எதிர்வீட்டு தபன் பாபு மணியை அழுத்தினார். அவர் முகம் மலர்ந்திருந்தது.

"குருமூர்த்தி-தா! இருபது வருஷமாச் சொல்லிண்டே இருந்தேன், கேட்டீங்களா? வங்காளி சம்பந்தம் வந்ததும் மாறிட்டீங்களே! ஆட்டுத் தலையா? இப்படி நேரா நெருப்புல வாட்டினாத்தான் ருசி."

"சேச்சே, அதெல்லாம் இல்லை, தபன் பாபு."

"வெக்கப்படாதீங்க. அண்ணிக்குத் தெரியாமத்தானே? நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்."

மாலைக்குள் கட்டடம் முழுவதும் வாழ்த்துச் சொல்லிவிட்டது. விஜயா ஒவ்வொரு வாழ்த்தையும் பல்லைக் கடித்துக்கொண்டு பெற்றுக்கொண்டார்.

"உருகித்தா?" என்று கேட்டார், கதவைச் சாத்தியபின்.

"உருகலை."

"அப்போ நெஜ மிருகம்."

"நெஜ மிருகம்."

விஜயா கங்கை ஜலச் செம்பை எடுத்துக்கொண்டு பால்கனிப் பக்கம் போனார்.

வீட்டுச் சோதனைகள் பயன் தரவில்லை என்பதால், குருமூர்த்தி தமக்குப் பழக்கமான அலுவலக முறைக்குத் திரும்பினார். இனம் தெரியாத சரக்கு எதுவாயினும் மூன்று மாதிரிகள் எடுக்க வேண்டும்: ஒன்று பரிசோதனைக்கு, ஒன்று உரிமையாளருக்கு, ஒன்று முத்திரையிட்டுக் காப்பில் வைக்க. இந்த முறையில் அவர் தவறியதே இல்லை. எப்படியும் பொத்தல் விழுந்துவிட்ட இடது கையின் நுனியிலிருந்து மூன்று துண்டுகளை வெட்டி, மூன்று உறைகளில் போட்டு, அரக்கு வைத்து, தேதியிட்டுக் கையொப்பமிட்டார்.

"அப்பா, என் கோட்டை வெட்டி எனக்கே கவர்ல போட்டுக் குடுக்கறயா?"

"நீதானே உரிமையாளர்? இங்க ஒரு கையெழுத்துப் போடு."

"எனக்கு என்னமோ பயமா இருக்கு. கோட்டுக்காக இல்லை. உனக்காக" என்று சொல்லிக்கொண்டே சஹானா கையெழுத்திட்டாள்.

இடது கை இப்போது வலது கையைவிட நான்கு விரற்கடை குட்டையாக இருந்தது. குருமூர்த்திக்கு ஒழுங்கின்மை பிடிக்காது. வலது கையையும் அளந்து வெட்டிச் சமப்படுத்தினார்.

கிடர்பூரில் துணி, நூல், சாயம் முதலியவற்றைச் சோதித்துத் தரும் சிறிய தனியார் கூடம் ஒன்றை ஏழுமலை என்பவர் நடத்திவந்தார். வேலூர்ப் பக்கத்துக்காரர், குருமூர்த்தியிடம் இருபது ஆண்டுப் பழக்கம். உறையைப் பிரித்து, நுண்ணோக்கியில் வெகுநேரம் குனிந்திருந்துவிட்டுத் தலையை நிமிர்த்தினார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. இந்தக் கோட்டு யாருது?"

"தெரிஞ்சவா ஒருத்தருது. ஏன்?"

"இதுல மனுச முடி இருக்குது சார்."

"என்னது?"

"வயசு அறுபது இருக்கும். சாயம் அடிச்சிருக்காங்க. மட்டமான சாயம் சார், வேர்ல எல்லாம் வெளுத்துக் கெடக்குது."

குருமூர்த்தி தம்மை அறியாமல் தலையைத் தடவிக்கொண்டார். கோட்டின்மீது குனிந்து வெட்டியதன் விளைவு அது. ஏழுமலை அந்தத் தலையைப் பார்த்தார். பிறகு, பழகிய மரியாதையினால், ஜன்னலைப் பார்த்தார்.

"அது கெடக்கட்டும் சார். இந்தச் சாம்பிள் கெட்டுப் போச்சு. வேற கொண்டாங்க. வெறும் மயிரா இருந்தா பத்தாது, தோலோட வேணும். ஒரே எடத்துல எடுக்காதீங்க. கையில ஒண்ணு, காலர்ல ஒண்ணு, இடுப்புப் பக்கம் ஒண்ணு."

இடத்திற்கு மூன்று வீதம் ஒன்பது மாதிரிகள் எடுக்கப்பட்டன. இம்முறை குருமூர்த்தி குளியல் தொப்பி அணிந்துகொண்டு வெட்டினார். காலரின் ஒரு முனை போனதால் மறுமுனையும் சமப்படுத்தப்பட்டது. இரண்டு முனைகளும் போனபின் நடுவில் நின்றது காலராகத் தோன்றாததால் அதுவும் எடுக்கப்பட்டது. கைகள் முழங்கை வரை வந்தன. வீட்டிலிருந்த தையல் கத்தரி தோலை வெட்டி வெட்டி முறிந்துபோனதால், கடைசி மூன்று மாதிரிகள் பாக்கு வெட்டியால் எடுக்கப்பட்டன. இடுப்புப் பகுதியில் விழுந்த இடைவெளிக்காகக் கோட்டின் கீழ்ப்பாதி முழுவதையும் நேர்கோட்டில் அகற்ற வேண்டியதாயிற்று.

விஜயா கூடத்து வாசலில் நின்றபடி கேட்டார்: "இப்போ எவ்வளவு மிருகம் பாக்கி இருக்கு?"

"பாதிக்குக் கொஞ்சம் மேல."

"இன்னும் ரெண்டு நாள் நீங்க சோதிச்சா பிரச்சினையே தீந்துடும். கேக்கறதுக்கு மிருகமே இருக்காது."

வெள்ளிக்கிழமை ஏழுமலையின் முடிவு கிடைத்தது. அதை எழுத்தில் தர அவர் விரும்பவில்லை.

"காலர்ல எடுத்தது முயல் மாதிரி தெரியுது சார். கையில எடுத்தது முயல் மாதிரி தெரியலை. இடுப்புல எடுத்ததைப் பாத்தா எனக்கு ஒரு சந்தேகம்."

"என்ன சந்தேகம்? சொல்லுங்கோ."

"நீர்நாயோன்னு."

நீர்நாய் பாதுகாக்கப்பட்ட விலங்கு என்பதைக் குருமூர்த்தி அறிவார். "நிச்சயமா?"

"எங்க சார் நிச்சயம்? அம்பது அறுபது வருசத்துக் கோட்டு. எத்தனை வாட்டி ஒட்டுப் போட்டாங்களோ, எத்தனை சாயம் ஏத்தினாங்களோ! எழுத்துல வேணும்னா 'விலங்கின் ரோமம் எனத் தோன்றுகிறது'ன்னு போட்டுத் தரேன். ஆனா சொந்தக்காரர் பேரு, விலாசம் குடுக்கணும்."

"வேண்டாம் ஏழுமலை. நான் இங்க வரவே இல்லைன்னு வெச்சுக்குங்கோ."

அன்று மாலையே கோட்டின் எஞ்சிய பகுதி லேக் மார்க்கெட் தையற்காரரிடம் சென்றது. அவர் அதை இரண்டு கைகளிலும் தூக்கிப் பார்த்து, "பாம் வெடிச்சதா?" என்று மட்டும் விசாரித்தார். பின்னர் முழங்கை வரை நின்ற கைகளை அடியோடு எடுத்து, ஓரம் அடித்து, உள்ளே புதுத் துணி வைத்து, கையும் காலரும் இல்லாத ஒரு சிறு மேலங்கியாக்கிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமைக்கான விளக்கத்தைக் கணவனும் மனைவியும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டனர். பூச்சி அரித்துவிட்டது என்று குருமூர்த்தி சொல்வது, அதற்கு விஜயா வருந்துவது. கடைசி நேரத்தில், பூச்சி என்றால் வீடு சுத்தமில்லை என்று ஆகுமே என விஜயாவுக்குத் தோன்றிவிட்டது. அதைக் கணவரிடம் சொல்ல நேரம் கிடைக்கவில்லை.

சாதனா தேவி, கௌசிக், கௌசிக்கின் சித்தப்பா ரஞ்சன் பாபு ஆகிய மூவரும் பத்து மணிக்கு வந்தார்கள். வெளியே வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. மூவரும் காதை மூடும் கம்பளித் தொப்பி அணிந்திருந்தனர். சஹானா பட்டுப் புடவையின்மேல் அந்த மேலங்கியைப் போட்டுக்கொண்டு, பலகையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கௌசிக் அவளைப் பார்த்தான். பிறகு வெகு கவனமாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.

அறுகம்புல்லையும் நெல்லையும் கையில் வைத்திருந்த சாதனா தேவி நின்றுவிட்டார்.

"இது... அந்தக் கோட்டா?"

"பூச்சி அரிச்சுடுத்து" என்றார் குருமூர்த்தி.

"இப்போ இதுதான் ஃபேஷன்" என்றார் விஜயா, அதே வினாடியில்.

சாதனா தேவி மேலங்கியின் ஓரத்தைத் தொட்டார். கை இருந்த இடத்தைத் தொட்டார். பிறகு ரஞ்சன் பாபுவைத் திரும்பிப் பார்த்தார். குருமூர்த்தியின் மனக்கண்ணில் திருமணம் நின்றது, மகள் அழுதாள், அந்தச் செய்தி கிடர்பூர் வரை சென்றது, மொட்டைக் கடுதாசி ஒன்று எழுதப்பட்டது.

"நீங்க வெட்டச் சொன்னீங்களா, தாதா?" என்றார் சாதனா தேவி.

முப்பத்து நான்கு ஆண்டுகளாகப் பொய்க் கையெழுத்துப் போட்டறியாத மனிதர் அவர். "நானேதான் வெட்டினேன்" என்றார். "என் கையாலதான் வெட்டினேன். மன்னிச்சுடுங்கோ."

"பயமில்லாம?"

"பயமா? எதுக்குப் பயம்?" என்றார் குருமூர்த்தி, வேறு எதுவும் தோன்றாமல்.

சாதனா தேவியின் கண்களிலிருந்து நீர் வழிந்தது. அவர் சஹானாவின் தலையில் நெல்லையும் புல்லையும் வைத்து, கன்னத்தைப் பிடித்து முத்தமிட்டார். ரஞ்சன் பாபு எழுந்து வந்து, குருமூர்த்தியின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார்.

"என்ன மிருகமோ, என்ன சட்டமோன்னு நாப்பது வருஷமா யாரையும் கேக்க பயந்துண்டு இந்த மாதிரிக் கோட்டுகளைப் பரண்ல பூட்டி வெச்சிருந்தோம் தாதா, சம்பந்தி கஸ்டம்ஸ்னு தெரிஞ்சதும், நேரா கேட்டா மரியாதையா இருக்காதேன்னு ஒண்ணை மட்டும் சீர்ல வெச்சு அனுப்பிப் பாத்தோம், நீங்களே வெட்டித் தெச்சுப் பொண்ணுக்குப் போட்டும் விட்டுட்டீங்க, இதைவிட என்ன சர்டிஃபிகேட் வேணும்? மீதி பதினாலு கோட்டும் கீழே டெம்போல இருக்கு, போன்ல நீங்க அபாரம்னு சொன்னதுமே பொண்ணுக்குக் குடுக்க உங்க பேர் எழுதி ஏத்திட்டோம், எங்க இறக்கச் சொல்லட்டும்?"

அந்த ஒன்பது நாட்களில் அவ்வீட்டார் இழந்தவை: ஒரு கோட்டின் இரண்டு கைகள், காலர், இடுப்புக்குக் கீழான பகுதி, இட்லி மாவு ஒரு பாத்திரம், தையல் கத்தரி ஒன்று, கட்டடத்தில் இருபது ஆண்டுகளாக இருந்துவந்த சைவர் என்ற பெயர்.